மெட்ராஸ் என்றொரு துணி: நெய்த கரையும் உடுத்திய கரைகளும்

2014-ல் சென்னையில் ஒரு கிளப்பில், வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். ஊரே கொதித்தது. அதே ஆண்டில் சட்டமன்றம் சட்டம் போட்டு, வேட்டிக்குக் கிளப் கதவுகளைத் திறந்துவிட்டது. தமிழர் உடை, தமிழர் மானம் என்று அத்தனை பேர் பேசிய அந்த வாரங்களில் கைலிக்காக யாரும் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் சிரித்திருப்பார்கள். கைலி என்றால் வீடு, திண்ணை, தெருமுனை டீக்கடை. அதைத் தாண்டிப் போனால் ‘என்ன இப்படியே வந்துட்டீங்க?’ என்று ஒரு பார்வை.

நைஜீரியாவில், நைஜர் ஆறு கடலில் கலக்கும் கழிமுகத் தீவுகளில் கலபாரி என்றொரு இனத்தார் இருக்கிறார்கள். அவர்கள் குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் இறந்தால், உடலைக் கிடத்தும் கட்டிலையும் அந்த அறையையும் தலைமுறைகளாகப் பெட்டியில் பூட்டிவைத்த துணிகளால் அலங்கரிப்பார்கள். அந்தத் துணிகளில் ஒன்று, கட்டம் போட்ட பருத்தித் துணி. நம் கைலிக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லலாம். தமிழ்நாட்டு, ஆந்திரக் கரையோரத் தறிகளில் நெய்தது. கடலின் இன்னொரு பக்கம், கரீபியன் தீவுகளில் அதே கட்டம் தேசிய உடை. அமெரிக்காவில் பழைய பணக்காரக் கல்லூரிகளின் கோடைக்காலச் சட்டை.

உலகமயமாக்கல் உள்ளூர்ப் பண்பாட்டை என்ன செய்கிறது என்று பேச்செடுத்தால் இரண்டு கதைகள் தயாராக இருக்கும். வெளிச்சரக்கு வந்து உள்ளூரை விழுங்கிவிட்டது என்பது ஒன்று. கோலாவும் கோலி சோடாவும் அதற்கு எப்போதும் கைவசம் இருக்கும் உதாரணம். எல்லாம் கலந்து எல்லோரும் வளமாகிவிட்டோம் என்பது இன்னொன்று. மெட்ராஸ் என்று உலகம் அழைக்கும் இந்தக் கட்டத் துணி இரண்டிலும் அடங்க மறுக்கிறது. போன கரைகளில் எல்லாம் அது பண்பாடாக வேர் பிடித்தது. நெய்த கரையில் கூலி வேலையாகவே நின்றுவிட்டது. ஏன் இப்படி ஆயிற்று என்று பார்ப்பதற்குத்தான் இந்தத் துணியை எடுத்துக்கொண்டேன்.

துணியின் ஜாதகம்

ஏற்றுமதிக் கணக்குகளில் இதற்குப் பெயர் ‘ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்’. பெயரில்தான் கைக்குட்டை. உண்மையில் ஒரு கஜம் அகலம், எட்டு கஜம் நீளம் உள்ள பீஸ். கஜத்துக்குக் கஜம் சதுரமாக வெட்டிக்கொள்ளலாம். வெட்டாமல் இடுப்பில் சுற்றிக்கொள்ளலாம். மூக்கைத் துடைக்க யாரும் வாங்கியதில்லை.

முதலில் நூலுக்குச் சாயம் ஏற்றி, அப்புறம் நெய்வது இதன் முறை. பாவு, அதாவது நீளவாக்கு இழை, ஓடும்போதே எத்தனை இழை சிவப்பு, எத்தனை நீலம், நடுவில் எத்தனை வெள்ளை என்று கணக்கு முடிந்துவிடும். குறுக்கு இழையான ஊடையிலும் அதே கணக்கை, நாடாவை மாற்றி மாற்றிப் போட்டு, நெசவாளி எண்ணிக்கொண்டே போக வேண்டும். எண்ணிக்கை பிசகினால் கட்டம் கோணிக்கொள்ளும். நிறம் இழையிலேயே இருப்பதால் இந்தத் துணிக்கு உள்பக்கம், வெளிப்பக்கம் என்று கிடையாது. அவசரத்தில் கைலியை எப்படிப் புரட்டிக் கட்டினாலும் குட்டு வெளிப்படாது.

இந்தக் கரையின் துணி கடல் தாண்டியது ஆங்கிலேயர் வருவதற்கு வெகு முன்பே. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாக்காவுக்கு வந்த போர்த்துக்கீசியர், பழவேற்காட்டிலிருந்து துணி கொண்டுவந்து விற்கும் வணிகர்களைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார்கள். 1613-ல் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்கள், பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்களே, அது ஏரியின் அழகைப் பார்த்துக் கட்டியதில்லை. இன்றைய இந்தோனேசியாவின் மொலுக்கா, பண்டா தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க வெள்ளிக்காசைவிடச் சோழமண்டலத் துணிதான் செல்லுபடியானது. சோழமண்டலக் கரை மொலுக்காவின் இடது கை என்று ஒல்லாந்த அதிகாரி ஒருவரே எழுதினார்.

மலேசியாவில் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் பெயர் ‘காயின் பெலிக்காட்’. பெலிக்காட் என்பது பழவேற்காடுதான். நம் ஊர்க் கடைகளில் ‘பளையகாட் லுங்கி’ என்று ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் விற்பதும் அதே ஊரின் பெயர்தான். வெள்ளைக்காரர் வாயில் நுழைந்து, நசுங்கி, நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது. இலங்கையிலும் நம் தென்கோடி மாவட்டங்களிலும் கைலிக்குச் ‘சாரம்’ என்று பெயர். மலாய்க்காரரின் சாரோங் அது. ஆக, துணி இங்கிருந்து போனது, அதை மூட்டிக் கட்டும் பழக்கமும் பெயரும் அங்கிருந்து வந்திருக்கின்றன. இதில் எது உள்ளூர், எது வெளியூர் என்று கோடு போட உட்கார்ந்தால் பொழுதுதான் போகும்.

சென்னை நகரமே இந்தத் துணிக்காகப் பிறந்தது. 1639-ல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினிக்காக பிரான்சிஸ் டே இங்கே இடம் பிடித்ததற்கு முக்கியக் காரணம், சுற்று வட்டாரத்தில் நல்ல துணி மலிவாகக் கிடைத்ததுதான். ஒரு நூற்றாண்டு கழித்து, 1734-ல், நெசவாளர்களையும் நூற்பவர்களையும் குடியேற்றக் கும்பினி உண்டாக்கிய பேட்டைதான் சிந்தாதிரிப்பேட்டை. ‘சின்னத் தறிப் பேட்டை’ என்று பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். இப்போது அங்கே போனால் மீன் மார்க்கெட்டும் வண்டி உதிரி பாகக் கடைகளும் கண்ணில் படும். தறி படாது.

கலபாரி: வெட்டி எடுத்த இழைகள்

18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கப்பல்கள் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ஏற்றிச் சென்ற சரக்கில் முதலிடம் துணிக்கு. அதில் கணிசமான பங்கு இந்தியத் துணி. அந்தத் துணியை இறக்கிவிட்டுத் திரும்ப ஏற்றிக்கொண்டது மனிதர்களை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வழியில்லை. சோழமண்டலக் கரையில் நெய்த துணி அடிமை வியாபாரத்தில் நாணயமாகப் புழங்கியது. நெய்தவருக்கு அது எங்கே போகிறது என்றே தெரிந்திருக்காது.

கலபாரிகள் அந்த வியாபாரத்தில் இடைத்தரகர்கள். 1807-ல் பிரிட்டன் அடிமை வியாபாரத்தைத் தடை செய்த பின் மெல்ல மெல்லப் பாமாயிலுக்கு மாறினார்கள். அவர்கள் நெசவு செய்கிற இனம் இல்லை; மீன்பிடிப்பும் வியாபாரமும்தான் தொழில். துணி முழுக்க வெளியிலிருந்து வந்தது. வந்த துணிகளிலேயே மெட்ராஸ் கட்டத்தைத் தனியாகப் பிரித்து ‘இஞ்சிரி’ என்று பெயர் வைத்தார்கள். குழந்தை பிறந்தால் இஞ்சிரி. பெண் பருவம் எய்தும் சடங்கில் இஞ்சிரி. சாவுக் கட்டிலில் இஞ்சிரி. ஒரு குடும்பத்தின் பெட்டியில் எத்தனை பழைய துணி இருக்கிறது என்பதே அந்தக் குடும்பத்தின் ஆழத்துக்கு அளவுகோல்.

இவ்வளவோடு நின்றிருந்தால், வெளிநாட்டுச் சரக்கின் மேல் மோகம் என்று முடித்துவிடலாம். ஆனால் கலபாரிப் பெண்கள் அந்தத் துணியைக் கையில் எடுத்து அறுத்தார்கள். ஊசியால் ஓர் இழையை நெம்பித் தூக்கி, பிளேடால் நறுக்கி, உருவி எடுத்துவிடுவது. பெரும்பாலும் வெளிர் நிற இழைகளைத்தான் எடுப்பார்கள். அடர் நிறக் கோடுகள் அப்படியே நிற்க, இடையில் சல்லடை போல வெளிச்சம் விழும். நம் தறியில் எண்ணி எண்ணிக் கோத்த இழைகளை அவர்கள் எண்ணி எண்ணிக் கழற்றினார்கள். மிஞ்சியது வேறொரு கோலம். இந்தத் துணிக்கு ‘பெலெட்டெ பிட்டெ’, அதாவது வெட்டிய துணி, என்று பெயர். ஆமையின் வடிவில் ஒரு கோலம் உண்டு. ஆமை அவர்களுடைய கதைகளில் வரும் தந்திரக்காரன். ஒரு பீஸை முடிக்கப் பல நாள் வேலை. நெய்த துணியைவிட வெட்டிய துணிக்கு மதிப்பு அதிகம். துணியில் ஓட்டை விழுந்தால் விலை குறையும் என்றுதான் நம் ஊரில் எந்த நெசவாளியும் சொல்வார். அங்கே ஓட்டை போட்டவர்தான் கலைஞர்.

ஜோன் ஐக்கர் என்ற அமெரிக்க ஆய்வாளரும் டோன்யே எரெக்கொசிமா என்ற கலபாரி அறிஞரும் 1980-களின் தொடக்கத்தில் இதை ஆராய்ந்து, வெளிச்சரக்கு ஒன்று உள்ளூர்ப் பண்பாடாக மாறும் வழியை நான்கு படிகளாகச் சொன்னார்கள். பலவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, அதற்குத் தம் மொழியில் பெயர் வைப்பது, தம் வாழ்க்கையில் அதற்கென்று ஓர் இடம் ஒதுக்குவது, கடைசியாக அதன் வடிவத்தையே மாற்றுவது. ஆய்வாளர்கள் படி கட்டினால் நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். ஆனால் இந்த நான்கையும் கையில் வைத்துக்கொண்டு மற்றக் கரைகளைப் பார்த்தால் விஷயம் துலங்குகிறது. முக்கியமாக நம் கரையைப் பார்க்கும்போது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மான்செஸ்டர் வட்டாரத்தில் 18-ஆம் நூற்றாண்டிலேயே ஆப்பிரிக்கச் சந்தைக்காக இந்தியக் கட்டங்களைக் காப்பி அடித்து நெய்தார்கள். விலையும் குறைவு. ஆப்பிரிக்க வணிகர்கள் தொட்டுப் பார்த்து, முகர்ந்து பார்த்து, இது அசலில்லை என்று ஒதுக்கிய சம்பவங்கள் ஏராளம். ‘ரியல்’ என்ற சொல் பெயரோடு ஒட்டிக்கொண்டதற்குப் பின்னால் இந்தப் பிடிவாதம் இருக்கிறது. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருந்தவர்கள் நம் தறியின் தரத்துக்குக் காவல் நின்றார்கள். பக்கத்திலேயே இக்போ மக்களிடம் இதே சரக்கின் இன்னொரு கிளை ‘ஜார்ஜ்’ என்ற பெயரில் ஓடுகிறது. சென்னைக் கோட்டை புனித ஜார்ஜ் கோட்டை இல்லையா, அதிலிருந்து வந்த பெயர் என்கிறார்கள். எம்பிராய்டரியும் சமிக்கியுமாக, இன்றும் கல்யாணத்தில் பெண் வீட்டார் மானம் அதில்தான்.

கரீபியன்: துணி முதலில், தமிழர் அப்புறம்

ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஏற்றப்பட்ட மனிதர்கள் போய் இறங்கிய தீவுகளுக்கும் இதே துணி போய்ச் சேர்ந்தது. மார்ட்டினிக், குவாதலூப், செயின்ட் லூசியா, டொமினிக்கா எல்லாவற்றிலும் இன்று இதற்கு ஒரே பெயர்: மத்ராஸ். கறுப்பினப் பெண்கள் இதைத் தலையில் முண்டாசாகக் கட்டினார்கள். பக்கத்து நிலமான, இன்று அமெரிக்காவில் இருக்கும் லூயிசியானாவில் 1786-ல் ஸ்பானிய கவர்னர் மீரோ, கறுப்பினப் பெண்கள் தலைமுடியை அலங்கரித்துக் காட்டக் கூடாது, துணியால் மூட வேண்டும் என்று உத்தரவு போட்டார். அடங்கிப் போகட்டும் என்று போட்ட உத்தரவு. அவர்களோ இருப்பதிலேயே பளபளப்பான துணியை எடுத்து, இருப்பதிலேயே அழகாகக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள்.

பிரெஞ்சுத் தீவுகளில் முண்டாசின் முனைகளுக்கு ஒரு பாஷையே உண்டாயிற்று. ஒரு முனை தூக்கி நின்றால் மனசு காலி. இரண்டென்றால் ஆள் இருக்கிறது. மூன்றென்றால் கல்யாணம் ஆகிவிட்டது. நான்கென்றால் முயன்று பார்ப்பவர் பார்க்கலாம் என்று அர்த்தமாம். இந்தக் கடைசி முனைக்குத் தீவுக்குத் தீவு வேறு வேறு விளக்கம் சொல்கிறார்கள், சிரித்துக்கொண்டே. மார்ட்டினிக்கில் இந்தத் துணியின் வெளிர் கட்டங்களின் மேல் தூரிகையால் மஞ்சள் பூசிக் கொடுப்பதையே தொழிலாக வைத்திருந்த பெண்கள் இருந்தார்கள். வாங்கிய துணி போதுமான அளவுக்கு வெயில் நிறத்தில் இல்லை என்று அவர்களே சரி செய்துகொண்டார்கள். கலபாரிப் பெண் இழையை உருவினாள், மார்ட்டினிக் பெண் சாயம் ஏற்றினாள். ஐக்கர் சொன்ன நான்காம் படி இங்கேயும் இருக்கிறது.

இதில் எனக்கு விசித்திரமாகப் படுவது காலக்கணக்கு. அந்தத் தீவுகளுக்குத் துணி போனது முதலில். அதை நெய்த கரையின் ஆட்கள் போனது பிறகுதான். 1848-ல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமை முறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளைத் தேடினார்கள். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏறியவர்களில் பெரும்பாலோர் தமிழர். குவாதலூப்பில் முதல் கப்பல் 1854 டிசம்பரில் போய் நின்றது. இறங்கியவர்கள் கரையில் கண்டிருக்கக்கூடியது, தங்கள் ஊர்க் கட்டத்தைத் தலையில் கட்டிக்கொண்டு நின்ற, தாங்கள் அதுவரை கண்டிராத மனிதர்களை. அந்தக் கட்டத்துக்கு அந்தத் தீவில் அதற்குள் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். வந்து இறங்கியவர்களுக்கு அதில் பங்கு இல்லை. இன்றைக்கும் குவாதலூப்பில் தமிழ் வழி வந்தவர்களின் மாரியம்மன் வழிபாடு ஒரு பக்கம், கிரியோல் மக்களின் மத்ராஸ் உடை இன்னொரு பக்கம்.

1958: சாயம் போன கதை

அமெரிக்கக் கதை சின்னது, ஆனால் படிப்பினை நிறைந்தது. அதற்கு முன் ஒரு கிளைக்கதை. யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த எலிஹு யேல், 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். 1718-ல் அவர் அந்தக் கல்லூரிக்கு அனுப்பியது ஒன்பது கட்டுச் சரக்கு, புத்தகங்கள், மன்னர் முதலாம் ஜார்ஜின் படம். சரக்கை விற்றதில் கிடைத்த 562 பவுண்டுக்குத்தான் பெயர் மாறியது. கட்டுகளில் துணியும் இருந்தது. பிற்பாடு அதே கல்லூரி மாணவர்கள் மெட்ராஸ் சட்டையைக் கல்லூரிப் பெருமையாகப் போட்டுக்கொண்டு திரிந்தபோது இது யாருக்காவது ஞாபகம் வந்திருக்குமா, தெரியவில்லை.

சரி, 1958-க்கு வருவோம். வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்கத் துணி இறக்குமதியாளர் பம்பாய் வந்து, கேப்டன் கிருஷ்ணன் நாயரிடம் கஜம் ஒரு டாலர் என்று மெட்ராஸ் துணி வாங்கினார். பின்னாளில் லீலா ஹோட்டல்களைக் கட்டினாரே, அதே நாயர். கண்ணூர்க்காரர். துணியில் நல்லெண்ணெய், மூலிகைச் சாய வாடை. குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக அலச வேண்டும், சாயம் போகும் என்று நாயர் எச்சரித்தாராம். ஜேக்கப்சன் பத்தாயிரம் கஜத்தை புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குக் கைமாற்றினார், எச்சரிக்கையை மட்டும் கைமாற்ற மறந்துவிட்டார். வாங்கியவர்கள் வாஷிங் மெஷினில் போட்டார்கள். சிவப்பு மஞ்சளில் ஏறியது, நீலம் வெள்ளையில் ஏறியது. கடைக்காரர்கள் வழக்குப் போடுவோம் என்று நின்றார்கள்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. ‘செவன்டீன்’ என்ற இளம்பெண்கள் பத்திரிகையில் இந்தத் துணியைப் பற்றி விரிவான கட்டுரை வந்தது. ‘பிளீடிங் மெட்ராஸ்’, அதாவது சாயம் கசியும் மெட்ராஸ், இந்தியாவிலிருந்து வந்த கைநெசவு அதிசயம், ஒவ்வொரு துவைப்பிலும் நிறங்கள் கலந்து புதிதாக மாறும் துணி என்று. ஒரே மாதிரி இரண்டு சட்டை இருக்காது. குறை ஒரே இரவில் குணமாயிற்று. சாயம் போவதற்கு உத்தரவாதம் என்றே விளம்பரம் செய்தார்கள். நாயர் தரப்பு பல முறை சொல்லிச் சொல்லி இந்தக் கதைக்கும் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் 1960-களில் அமெரிக்காவில் இந்தத் துணி பற்றிக்கொண்டது உண்மை.

இதில் உறுத்துவது எது என்றால், சோழமண்டலத் துணிக்கு ஐரோப்பா 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் பைத்தியம் பிடித்து அலைந்ததே சாயம் போகாது என்பதற்காகத்தான். சாயவேர் தோண்டி, கடுக்காயும் படிகாரமும் கொடுத்து, வெயிலில் காயவைத்து ஏற்றிய சிவப்பு எத்தனை துவைத்தாலும் மங்காது. அந்த ரகசியத்தைத் தெரிந்துகொள்ளப் பிரெஞ்சுப் பாதிரியார் கேர்தூ இங்கிருந்த சாயக்காரர்களை விசாரித்து 1742-ல் கடிதம் எழுதினார். பிரான்சு 1686-லும் இங்கிலாந்து 1700-லும் 1721-லும் தம் நெசவாளர்களைக் காப்பாற்ற இந்தியத் துணிக்குத் தடை போட்டன. பிறகு 1869 வாக்கில் சாயவேரின் சிவப்பை ஐரோப்பிய ரசாயனக்காரர்கள் ஆலையில் செய்துவிட்டார்கள். 1897-ல் ஜெர்மானிய ஆலையிலிருந்து செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. இங்கே அவுரிச் செடியும் சாயவேர் தோண்டுபவர்களும் தொழிலற்றுப் போனார்கள். கெட்டிச் சாயத்துக்குப் பெயர் போன கரை, இரண்டு நூற்றாண்டு கழித்து, சாயம் போகும் துணிக்குப் பெயர் வாங்கியது. இரண்டு தடவையும் பெயரைத் தீர்மானித்தது வாங்கியவன்.

நெய்த கரை

இப்போது ஐக்கரின் நான்கு படிகளை நம் பக்கம் திருப்பிப் பார்க்கலாம்.

தேர்ந்தெடுத்தது யார்? கும்பினிக் காலத்திலிருந்தே எந்தக் கட்டம், எந்த நிறம், எத்தனை பீஸ் என்பது கடல் கடந்த மாதிரித் துணிகளாக வந்து சேர்ந்தது. வணிகரிடமிருந்து நெசவாளிக்கு முன்பணமும் மாதிரியும் வரும். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கும்பினி பிடியை இறுக்கியபின், முன்பணம் வாங்கிய நெசவாளி வேறொருவருக்கு நெய்து விற்கவும் முடியாமல் போயிற்று. பெயர் வைத்தது யார்? கலபாரியில் ஆமைக்கோலம் என்று பெயர், நம்மிடம் மாதிரிக்கு வெறும் எண். இடம் ஒதுக்கியது யார்? நெய்த பீஸ் தறியிலிருந்து இறங்கியதும் மடித்துக் கட்டாகிக் கப்பலேறியது. நெசவாளி வீட்டுக் கல்யாணத்துக்கு அந்தத் துணி வேண்டியிருக்கவில்லை. அதற்குப் பட்டும் கோடி வேட்டியும் இருந்தன. வடிவத்தை மாற்றியது யார்? மாற்றினால் கூலி பிடித்துக்கொள்வார்கள்.

கைலி நம்முடையது இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நம்முடையதுதான். கடலோர முஸ்லிம் வீடுகளில் கைலிக்கு ஒரு மரியாதை உண்டு. பெருநாளைக்குப் புதுக் கைலி எடுப்பார்கள், மலேசியாவிலிருந்து வருபவர் பெட்டியில் நாலு கைலி இல்லாவிட்டால் வீட்டில் முகம் கொடுக்க முடியாது. ஆனால் பொதுவாகத் தமிழ்ச் சமூகம் வெள்ளை வேட்டியைத் தலையில் வைத்து, கட்டம் போட்டதை உழைப்பாளி உடுப்பு, வீட்டு உடுப்பு என்று கீழே வைத்தது. இந்த ஏற்றத்தாழ்வை வெள்ளைக்காரன் வந்து கற்றுக்கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் உலகமயமாக்கலின் கணக்கில் எழுதுவது நமக்கு வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

2018-ல் ஜாரா என்ற ஸ்பானிய ஆடை நிறுவனம் கைலியைப் போலவே ஒரு பாவாடையை 69.99 பவுண்டுக்கு விற்றபோது இணையம் முழுக்கக் கேலி. கேலிக்குள் ஒரு சின்னப் பெருமையும் இருந்தது. நம் ஊர் லுங்கி லண்டனுக்குப் போயிருச்சு பார்த்தீர்களா என்று. நம்முடைய ஒன்றை வெளியே ஒருவர் விலை போட்டுக் காட்டினால்தான் அது நம் கண்ணுக்குத் தெரிகிறது. அடுத்த வாரம் அதே ஆட்கள் கைலியோடு வந்தவரை ஓட்டல் வாசலில் நிறுத்தியிருப்பார்கள்.

தறிகளின் நிலைமை வேறு. 1985-ல் கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. லுங்கியும் அந்தப் பட்டியலில் உண்டு. இருந்தாலும் கடையில் தொங்கும் லுங்கிகளில் விசைத்தறியில் ஓடியவைதான் அதிகம் என்பது வாங்குகிறவருக்கும் தெரியும், விற்கிறவருக்கும் தெரியும். குடியாத்தத்திலும் குறிஞ்சிப்பாடியிலும் கைலி நெய்த குடும்பங்களின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். நாடு முழுக்கக் கைத்தறித் தொழிலாளர் எண்ணிக்கை 1995 கணக்கெடுப்பில் சுமார் 65 லட்சம். 2009-10-ல் 43 லட்சம். 2019-20-ல் 35 லட்சம். கடைசிக் கணக்கெடுப்பின்படி மூன்றில் இரண்டு பங்கு நெசவாளர் குடும்பங்களின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்குக் கீழே.

காஞ்சிப் பட்டுக்கும் மதுரைச் சுங்குடிக்கும் பவானி ஜமக்காளத்துக்கும் புவிசார் குறியீடு வாங்கிக் கொடுத்திருக்கிறோம். மெட்ராஸ் கட்டத்துக்கு அந்த வழி ஏன் இலகுவாக இல்லை என்றால், ஆங்கிலத்தில் அது ஊர்ப்பெயர் என்ற தகுதியையே இழந்துவிட்டது. அகராதியில் சின்ன எழுத்தில் எழுதும் பொதுச்சொல். 1996-ல் ஊர் தன் பெயரைச் சென்னை என்று மாற்றிக்கொண்டது, துணி மாற்றிக்கொள்ளவில்லை. எந்த நாட்டு ஆலையில் ஓடினாலும் கட்டம் போட்டிருந்தால் மெட்ராஸ்.

குறியீடு கிடைத்தாலும் அது எதைக் காக்கும் என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. சுங்குடிக்குப் பின்னால், அதை உடுத்தி, கிழித்து, பேத்திக்குக் கொடுத்த மதுரைப் பாட்டிகள் இருக்கிறார்கள். மெட்ராஸ் கைக்குட்டைக்குப் பின்னால் அந்தப் பாட்டிகள் கலபாரிகளின் ஊரான புகுமாவிலும் மார்ட்டினிக்கின் தலைநகர் ஃபோர் டி பிரான்சிலும் இருக்கிறார்கள். துணியின் கணக்கு நெசவாளியின் விரலில் இருந்தது, அர்த்தம் அவர்கள் பெட்டியில் இருந்தது. விரல் ஓய்ந்துபோனால் அர்த்தமும் நாளடைவில் ஆலைத் துணிக்கு இடம்பெயரும். ஜார்ஜ் விஷயத்தில் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது. இயந்திர எம்பிராய்டரிச் சரக்கு கல்யாண மண்டபங்களை நிறைக்கிறது. கலபாரிப் பெட்டிகளில் இருக்கும் பழைய இஞ்சிரிக்கு மட்டும் புது வரவு கிடையாது. கிழியக் கிழிய எண்ணிக்கை குறையும்.

என் அம்மா புதுத் துணி எதுவானாலும் முதல் தடவை தனி வாளியில் நனைப்பாள். ஒரு கைப்பிடி கல்லுப்பு, பச்சைத் தண்ணீர், ஒரு மணி நேரம். தண்ணீர் நிறம் மாறினால் இன்னொரு பிடி உப்பு. அமெரிக்காவில் பத்திரிகைக் கட்டுரை எழுதிச் சமாளித்த விஷயத்தை அவள் வாளியோடு முடித்துவிடுவாள். போன மாதம் நான் வாங்கி வந்த கைலியையும் அப்படித்தான் நனைக்கப் போனாள். அட்டையைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று வாளியைக் கவிழ்த்து வைத்தாள். அட்டையில் பெரிய எழுத்தில், ‘சாயம் போகாது, கியாரண்டி’ என்று போட்டிருந்தது.